மொட்டை மாடியிலிருந்து செயற்கைக்கோள்: வடசென்னையில் புதிதாகக் காது கொடுப்பவர்களுக்கு

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் எல்லா மொட்டை மாடியிலும் ஆள் நிற்கும். வடக்கே அறுபது எழுபது கிலோமீட்டர்தான் தூரம். வெள்ளைக் கோடு ஒன்று மேலே ஏறி, கடல் பக்கம் சாய்ந்து மறைந்ததும் எல்லோரும் இறங்கி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். 2005 மே 5ஆம் தேதியும் அப்படித்தான் இறங்கிப் போனேன். பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட் கார்ட்டோசாட்-1ஐக் கொண்டுபோனது என்று மறுநாள் பேப்பரில் படித்ததோடு சரி.

அதே ராக்கெட்டில் ஹாம்சாட் என்று 42.5 கிலோ எடையில் ஒரு பெட்டியும் போனது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது ஹாம்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காகவே இஸ்ரோ அனுப்பிய செயற்கைக்கோள் அது. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது கீழிருந்து வரும் பேச்சை வாங்கி வேறு அலையெண்ணில் திருப்பி அனுப்பும் கருவிகள். ஒன்று இந்தியாவில் செய்தது, இன்னொன்று நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது 2014 கடைசியில். அதற்குள் ஹாம்சாட் பேட்டரி கெட்டு, அந்த ஆண்டு ஜூலையிலேயே நின்றுபோயிருந்தது. ஒன்பது வருடம் தினமும் தலைக்கு மேலே போய்வந்த பொருளைப் பற்றி, அது செத்த பிறகுதான் ஒருவர் எனக்குச் சொன்னார். அவர் இருந்தது இரண்டு தெரு தள்ளி.

உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான், செயற்கைக்கோள் வழியே ஹாம்கள் பேசுவதை மாடியிலிருந்து கேட்பது எப்படி என்று எழுதுகிறேன். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வேறு ஊர்க்காரர்கள் திசைகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் எதையும் வாங்காதீர்கள்

புதிதாக வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த செட் வாங்கலாம் அண்ணா?" என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் ஹாம் வாக்கி டாக்கி வாங்கி வீட்டில் வைத்திருப்பதே இங்கே சட்டப்படி தவறு. ஆன்லைனில் கிடைக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

கேட்பதிலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். கியூஓ-100 என்ற செயற்கைக்கோளில் ஹாம்கள் பேசுவதை அதில் போன் வழியாகவே நேரடியாகக் கேட்கலாம். ஒரு வாரம் கேளுங்கள். எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்படி விட்டுக்கொடுக்கிறார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதெல்லாம் காதில் ஏறிவிடும். நான் புத்தகத்தில் படித்து மூன்று மாதத்தில் கற்றதை ஒரு பிளஸ் டூ பையன் இப்படி நான்கு நாளில் பிடித்துவிட்டான்.

அப்புறம் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். பென்டிரைவ் அளவில் இருக்கும், கணினியிலோ போனிலோ செருகலாம். 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 வரை கேட்கும். ஒலிபரப்பும் வசதி அதில் கிடையாது, ரிசீவர் மட்டும்தான். முதல் ஆறு மாதத்துக்கு இது போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகள் எல்லாம் "முதலில் நோவா வானிலைப் படத்தைப் பிடியுங்கள்" என்று சொல்லும். அந்தப் படங்களை அனுப்பிய அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா 15, 18, 19 மூன்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி ஆன்டெனா செய்து, படம் வரவில்லையே என்று தன்னை நொந்துகொண்ட இருவரை எனக்குத் தெரியும். தகவல் பழசாவதும் இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதி. எதைப் படித்தாலும் எந்த வருடம் எழுதியது என்று பாருங்கள், இதையும் சேர்த்து.

எப்போது, எந்தப் பக்கம்

தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் அடிவானத்தில் எழுந்து, தலைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ கடந்து, எதிர் அடிவானத்தில் இறங்குவதை பாஸ் என்கிறோம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு நல்ல பாஸ் என்றால் பத்து நிமிடம். ஒரு நாளைக்கு நான்கைந்து பாஸ் சென்னைக்குக் கிடைக்கும். பாதி, நீங்கள் தூங்கும் நேரத்தில் வரும்.

நேரத்தைச் சொல்ல ஹெவன்ஸ் அபவ், லுக்ஃபோர்சாட் போன்ற செயலிகள் இருக்கின்றன. கணினியில் ஜிபிரெடிக்ட். எதுவானாலும் சுற்றுப்பாதைத் தரவை வாரம் ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். பழைய தரவோடு போனால் செயலி சொல்லும் நேரமும் வானத்தில் நடப்பதும் மெல்ல மெல்ல விலகும்.

செயலி மூன்று எண்கள் கொடுக்கும்: எழும் திசை, உச்சியில் எத்தனை பாகை, மறையும் திசை. திசையை வடக்கிலிருந்து வலமாக எண்ண வேண்டும். கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. போன் திசைகாட்டியை மாடியில் முழுவதும் நம்பாதீர்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் சென்னையில் இரண்டு பாகைகூட வித்தியாசம் கிடையாது, அது பிரச்சினை இல்லை. தளத்துக்குள் இருக்கும் கம்பிதான் முள்ளை இழுக்கும். ஒரே மாடியில் பத்தடி நகர்ந்தால் எனக்கு 30 பாகை மாறியது. அடையாளத்தை வைத்து மனதில் பதித்துக்கொள்வது மேல். என் மாடியில் அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கி வடக்கிலிருந்து சற்றே கிழக்கே தெரியும். துறைமுகத்துக் கிரேன்கள் தெற்கே. கிழக்கே கடல்.

அந்தக் கடல்தான் நமக்குக் கிடைத்திருக்கும் சொத்து. கிழக்கே இறங்கும் பாஸை அடிவானம் வரைக்கும் விடாமல் கேட்கலாம். நடுவில் ஒரு கட்டடம் கிடையாது. அண்ணா நகர் நண்பர் ஒருவருக்கு 15 பாகைக்குக் கீழே எதுவும் கேட்காது. மேற்கே நமக்கும் அதே கதிதான், அடுக்குமாடியும் மின்கம்பியும் மறைக்கும்.

நேரம் பற்றி ஒன்று. ஹாம் உலகம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், பேசும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். "நாளை 1:10க்கு நல்ல பாஸ்" என்று ஒருமுறை நான் செய்தி அனுப்ப, மதியம் ஒன்று பத்துக்கு நடுவெயிலில் மூன்று பேர் ஆன்டெனாவோடு மாடியில் நின்றார்கள். நான் சொன்னது யுடிசி. நம் கணக்கில் காலை 6:40. அதிலிருந்து இரண்டையும் எழுதாமல் எதையும் அனுப்புவதில்லை.

இஞ்சு டேப் ஆன்டெனா

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தடுக்கி விழும் இடம் இதுதான். டாங்கிளோடு வரும் குட்டி ஆன்டெனாவில் விண்வெளி நிலையம் கேட்கலாம், ஆனால் மற்றதெல்லாம் இரைச்சல். கையில் பிடித்துத் திருப்பும் யாகி, அதாவது காட்டும் பக்கத்தில் நன்றாகக் கேட்கும் ஆன்டெனா, ஒன்று வேண்டும். உலகம் முழுக்க ஹாம்கள் பல வருடமாகச் செய்துவரும் எளிய அளவு இது, 145 மெகாஹெர்ட்ஸுக்கு.

தேவை: முக்கால் இஞ்சு பிவிசி பைப், அதற்கு நான்கு வாய் இணைப்பான கிராஸ் இரண்டு, மூன்று வாய் இணைப்பான டீ ஒன்று. ஓர் அங்குல அகலமுள்ள இரும்பு இஞ்சு டேப் ஒன்று (துணி டேப் இல்லை, கொத்தனார் வைத்திருப்பது). ஹோஸ் கிளாம்ப் ஏழெட்டு. இரண்டு மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள். கேபிள் முனைக்கு, உங்கள் ரிசீவருக்குப் பொருந்தும் எஸ்எம்ஏ கனெக்டர். பைப்பும் கிளாம்ப்பும் வண்ணாரப்பேட்டையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கேபிளுக்கும் கனெக்டருக்கும் ரிச்சி தெரு போக வேண்டும்.

டேப்பை நான்காக வெட்டுங்கள்: 105 சென்டிமீட்டர் ஒன்று, 89 ஒன்று, 45 இரண்டு. பைப்பின் குறுக்கே கிளாம்ப்பால் இறுக்குங்கள்: 105 பின்னால் கிராஸில், 45-ம் 45-ம் நடுக் கிராஸில், 89 முன்னால் டீயில். பின்துண்டுக்கும் நடுத்துண்டுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர். நடுவுக்கும் முன்னுக்கும் 32. நடுவில் வரும் இரண்டு 45 துண்டுகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இடையில் இரண்டரை சென்டிமீட்டர் விடுங்கள். கோஆக்ஸின் உள்கம்பி ஒரு துண்டுக்கு, வெளிவலை இன்னொரு துண்டுக்கு. அதே இரண்டு புள்ளிகளுக்கும் குறுக்கே, 12.7 சென்டிமீட்டர் செம்புக் கம்பியை யு வடிவில் வளைத்துச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். இந்தக் கம்பியைப் பார்த்ததும் "ஷார்ட் ஆகாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். மீட்டரில் ஷார்ட் என்றுதான் காட்டும். ரேடியோ அலைக்கு அது ஷார்ட் இல்லை. ஆன்டெனாவைக் கேபிளோடு பொருத்தும் வேலையைச் செய்கிறது. அதை விட்டுவிட்டுச் செய்து, ஏன் மந்தமாக இருக்கிறது என்று வந்தவர்கள் உண்டு.

பற்றவைப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். டேப்பின் மேலுள்ள மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி மாதிரி பளபளக்க வைக்க வேண்டும். இரும்பு சூட்டைக் குடித்துக்கொள்ளும், 25 வாட் அயர்னில் ஈயம் உருண்டை உருண்டையாக நிற்குமே தவிர ஒட்டாது. 60 வாட் அயர்ன் எடுங்கள், ஃபிளக்ஸ் தாராளமாக வையுங்கள், முதலில் டேப்பின் மேல் தனியாக ஈயம் பூசிவிட்டு அப்புறம் கம்பியை வையுங்கள். வெட்டிய முனைகளை உருட்டி வெட்டி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். இருட்டில் திரும்பும்போது கன்னத்தில் கோடு போடும்; எனக்குப் போட்டிருக்கிறது.

கேபிள் நடுத்துண்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் பைப்பின் மேல் ஐந்தாறு சுற்று சுற்றிவிடுங்கள். முடிந்தது.

இந்த ஆன்டெனா 20 பாகை தப்பான பக்கம் காட்டினாலும் மன்னித்துவிடும். 145இல் அரை அலை நீளமுள்ள கம்பி செயற்கைக்கோள்கள் பேசும் மேல் அலைவரிசையான 435இல் ஒன்றரை அலை நீளம் ஆகும் என்பதால், அங்கேயும் அரைகுறையாக வேலை செய்யும். அரைகுறைதான். பிறகு 435க்குத் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள், எல்லா அளவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் அது கைக்கு அடக்கம்.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். உப்புக்காற்று கனெக்டரை ஒரே மழைக்காலத்தில் பச்சையாக்கிவிடும். நான் கடையில் விற்கும் டேப் எல்லாம் சுற்றிப் பார்த்தேன். கடைசியில் வழி சொன்னவர் எதிர்வீட்டு மாமா, காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்தவர். நான் தினமும் மாடியில் கம்பைத் திருப்புவதைப் பார்த்து ஒருநாள், "இன்னா தம்பி, வானத்துல இன்னாத்த புடிக்கிற?" என்று வந்தார். படகில் இருந்த செட்டின் கனெக்டருக்கு அவர்கள் செய்வதையே எனக்கும் செய்துகாட்டினார். கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றினார். "கீயேர்ந்து சுத்துனாதான் தண்ணி உள்ள போவாது." ஐந்து வருடமாக அந்தக் கனெக்டர் அப்படியே இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடம்

முதல் முயற்சிக்கு விண்வெளி நிலையம். 145.800இல் விண்வெளி வீரர்கள் பள்ளிக் குழந்தைகளோடு பேசுவார்கள், சில நாட்களில் படங்களும் அனுப்புவார்கள். எப்போதும் இருக்காது. 145.825இல் தரவுப் பொட்டலங்கள் 'கர்ர்' என்று அடிக்கடி கேட்கும். அங்கே இருக்கும் ரிப்பீட்டர் ஹாம்களின் பேச்சை 437.800இல் திருப்பி அனுப்பும்.

அடுத்தது எஸ்ஓ-50. சவூதி செயற்கைக்கோள், 2002 டிசம்பரில் ஏவியது, இன்னும் உழைக்கிறது. இறங்கும் அலை 436.795. இங்கேதான் டாப்ளர் வேலையைக் காட்டும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஹார்ன் கீச்சென்றும், கடந்தபின் கனத்தும் கேட்கும் இல்லையா, கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல் அலையெண் மேலேயிருந்து கீழே சரியும். ரிசீவரில் ஐந்து சேனல் போட்டு வையுங்கள்: 436.805, 436.800, 436.795, 436.790, 436.785. எழும்போது முதலாவது, உச்சியில் நடுவிலுள்ளது, மறையும்போது கடைசி. 145இல் இந்தச் சரிவு மூன்று கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் கவலைப்பட வேண்டாம்.

சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சை முழுவதும் திறந்துவிடுங்கள். அமைதியாக இருந்தால் ஒன்றும் தெரியாது. இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் முன்னாலேயே நின்று, எழும் திசைக்கு ஆன்டெனாவைக் காட்டிக் காத்திருங்கள். முதலில் குரல் வராது. இரைச்சல் அடங்கும். எண்ணெயில் அப்பளம் போட்டதும் சலசலப்பு மாறுவது மாதிரி ஒரு மாற்றம். அப்போதே மணிக்கட்டைத் திருப்புங்கள், ஆன்டெனாவைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தி, மறுபடி படுக்க வைத்து. செயற்கைக்கோள் சுழன்றுகொண்டே போகிறது, அதன் ஆன்டெனாவும் சாய்ந்துகொண்டே இருக்கும். நம் மணிக்கட்டு அதைத் துரத்த வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த குரல் பட்டென்று மறைந்தால் திசையை மாற்றாதீர்கள், முதலில் திருப்பிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான்.

நமக்கென்றே அமைந்த ஒன்று இந்தோனேசியாவின் ஐஓ-86. 2015 செப்டம்பர் 28இல் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட்டோடு போனது. நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்வில் மட்டும் சுற்றுகிறது. அதனால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு சுற்றிலும், சென்னையின் தென்வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் போகும். 35 பாகைக்கு மேல் ஏறாது. ஐரோப்பிய நண்பர்களுக்கு இது கனவில்கூடக் கிடைக்காது. ஆனால் ரிப்பீட்டரை அட்டவணைப்படிதான் திறப்பார்கள். அறிவிப்பைப் பார்த்துவிட்டு 435.880இல் கேளுங்கள்.

நோட்டுப் புத்தகம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பாஸுக்கும் எழுதுங்கள். கேட்டதை மட்டுமல்ல, கேட்காததையும்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "எஸ்ஓ-50. யுடிசி 13:42 முதல் 13:54 (நம் நேரம் 7:12 மாலை). உச்சி 41. டேப் யாகி, கையில். 13:45 இரண்டு குரல், ஒன்று தெளிவு, இன்னொன்று பாதி. 13:48இலிருந்து 13:49 வரை ஒன்றுமில்லை, தண்ணீர் டேங்க் பக்கம் நின்றேன். 13:52 கடல் பக்கம் நன்றாக வந்தது. இரைச்சல் வழக்கத்தைவிட அதிகம்."

அந்தக் கடைசி வரிதான் ஒரு வருடம் கழித்துப் பலன் கொடுத்தது. தினமும் இரவு ஏழு மணிக்கு மேல் 145.8இல் ஒரு சீறல் வரும், பதினொரு மணிக்கு நிற்கும். மணலித் தொழிற்சாலை, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், கீழ்வீட்டு இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் நாங்கள் மூன்று பேர், தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் மாடிக்காரர்கள், நோட்டுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தோம். அதே நாட்களில் மற்ற இருவருக்கும் சீறல் இல்லை. என் நோட்டில் கரண்ட் போன இரவுகளில் இல்லை. நான் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் என் தம்பி கேட்டபோதும் இல்லை. அவன் மாடிப்படி விளக்கைப் போடாமல் ஏறுகிறவன். என் வீட்டு மாடிப்படி எல்இடி பல்புதான் குற்றவாளி. இருட்டியதும் நான் போடுவேன், படுக்கப் போகும்போது அணைப்பேன்.

மூன்று நோட்டு இல்லாமல் அது பிடிபட்டிருக்காது. அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: உதவி கேட்பவர் "எனக்குக் கேட்கவில்லை" என்று வந்தால், நோட்டைக் கொண்டுவா என்பதுதான் பதில். கடுமைக்காகச் சொல்வதில்லை. எந்த சாட்டிலைட், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், என்ன ஆன்டெனா என்று நான்கு விஷயம் இருந்தால் காரணத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் ஊகம்தான்.

நோட்டோடு சேர்த்து உங்கள் மாடியின் அடிவானப் படம் ஒன்றும் வரையுங்கள். வட்டம் போட்டு, எந்தத் திசையில் எத்தனை பாகை வரை மறைக்கிறது என்று குறியுங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. இந்தப் படத்தை மற்றவர்களுக்கும் கொடுங்கள். "நாளை மேற்கில் இறங்குகிற பாஸ், யார் மாடி நல்லது?" என்று கேட்டால் எங்களிடம் இப்போது பதில் இருக்கிறது: வியாசர்பாடியில் ஒரு அக்காவின் மாடி.

ஒலிப்பதிவும் செய்யுங்கள். பாஸின்போது கால்சைன் (உரிமத்தோடு ஒவ்வொரு ஹாமுக்கும் கிடைக்கும் அடையாளக் குறி) எழுத நேரம் இருக்காது, போனில் பதிவு செய்து பிறகு திரும்பக் கேட்டு எழுதலாம். பதிவுக் கோப்பின் பெயரில் சாட்டிலைட், தேதி, யுடிசி நேரம் மூன்றும் இருக்கட்டும். 'புதிய பதிவு 17' என்று வந்த கோப்பை இதுவரை யாரும் திறந்ததில்லை. உள்ளூரோடு நிற்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் ஹாம்களின் அமைப்பான ஆம்சாட் நடத்தும் நிலைப் பட்டியலில் எந்த சாட்டிலைட் கேட்டது, எது கேட்கவில்லை என்று யாரும் பதியலாம். சென்னை கட்டத்திலிருந்து பதிபவர்கள் குறைவு. ஹாம்கள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், நம்முடையது என்கே03. திருவள்ளூர் போனால் எம்கே93 ஆகிவிடும், 80 பாகை தீர்க்கரேகை நடுவில் ஓடுகிறது. மாடியில் ஒரு ஆன்டெனாவும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியும் நிரந்தரமாக வைக்க முடிந்தால் சாட்நாக்ஸ் வலையமைப்பில் சேரலாம். உலகில் எங்கிருந்தோ ஒருவர் கேட்டுக்கொள்ள, உங்கள் மாடி அவருக்காகக் கேட்டுப் பதிந்து வைக்கும்.

பேசத் தொடங்கும்போது

உரிமத்துக்கு ஏஎஸ்ஓசி, அதாவது அமெச்சூர் நிலையத்தை இயக்குபவருக்கான சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டு வயது முடிந்திருந்தால் போதும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது. விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில். இரண்டு வகை உண்டு. ரெஸ்ட்ரிக்டட் என்றால் விதிகளும் அடிப்படை மின்னியலும். ஜெனரலுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடும் சேரும். விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் படியுங்கள். உரிமம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம், அதனால்தான் கேட்கும் பழக்கத்தை முன்பே தொடங்கச் சொன்னேன்.

கால்சைன் வந்ததும் எஸ்ஓ-50இல் முயலலாம். ஏறும் அலை 145.850, கூடவே, நம் பேச்சைச் செயற்கைக்கோள் ஏற்றுக்கொள்ள 67 ஹெர்ட்ஸ் டோன். அதன் பத்து நிமிட டைமர் அணைந்திருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு இரண்டு விநாடி அழுத்தி எழுப்ப வேண்டும். ஆனால் முதலில் கேட்க வேண்டும். உங்களுக்கு சாட்டிலைட் கேட்கவில்லை என்றால் பேசாதீர்கள், அவ்வளவுதான். இது ஒரே சேனல். இந்தியா முழுவதும், இலங்கை, தாய்லாந்து வரை ஒரே நேரத்தில் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காது இல்லாமல் வாயோடு வருபவர் எல்லோருடைய பத்து நிமிடத்தையும் தின்றுவிடுவார்.

பேச்சு மிகச் சுருக்கம். கால்சைன், "நவம்பர் கிலோ ஜீரோ த்ரீ" என்று கட்டம் (என்கே03), நன்றி, 73 (ஹாம்கள் விடைபெறும் வாழ்த்து). சாப்பிட்டீர்களா, வானிலை எப்படி என்பதற்கெல்லாம் இங்கே இடமில்லை. அனுபவசாலிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அதே நான்கு நண்பர்களை தினமும் கூப்பிடுவதை நிறுத்துங்கள். தயங்கித் தயங்கி ஒரு புதுக்குரல் பாதி கால்சைன் சொன்னால், மற்றவர்களை நிறுத்திவைத்து அதைக் கூப்பிடுங்கள். என் முதல் அழைப்புக்கு ஆறு பாஸ் யாரும் பதில் சொல்லவில்லை. ஏழாவதில் பெங்களூரிலிருந்து ஒருவர் "புதிய நிலையம், மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். கை நடுங்கி நான் சொன்னது என் கால்சைனே இல்லை.

இது பழகியபின் ஆர்எஸ்-44 என்ற ரஷ்யச் செயற்கைக்கோள். உயரத்தில் போவதால் பாஸ் இருபது நிமிடம் வரை நீளும், ஒரே நேரத்தில் பலர் பேசலாம். அதற்கு எஸ்எஸ்பி என்ற ஒலிபரப்பு முறை வசதியுள்ள செட் வேண்டும், அது வேறு செலவு. 435.605இல் அதன் பீக்கன், அதாவது அடையாளச் சிக்னல், மோர்ஸில் அடிப்பதை டாங்கிளிலேயே கேட்கலாம்.

பேச அவசரமில்லாதவர்களுக்கு, மாடியில் துருப்பிடிக்கும் பழைய டிடிஎச் டிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு சொன்ன கியூஓ-100 நகராமல் 25.9 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. வடசென்னையிலிருந்து திசை 261, அதாவது கிட்டத்தட்ட நேர் மேற்கு. உயரம் 27 பாகை. 10,489.750 மெகாஹெர்ட்ஸ் பீக்கன், டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்என்பியில், அதன் எல்ஓ என்ற 9,750 கழிந்து, 739.750ஆக இறங்கி டாங்கிளில் தெரியும். எல்என்பிக்கு 13 வோல்ட் கொடுக்க பயாஸ் டீ, அதாவது வோல்ட்டை எல்என்பி பக்கம் மட்டும் விடும் சிறு இணைப்பு, ஒன்று நடுவில் வேண்டும். அது இல்லாமல் வோல்ட்டை நேரே கேபிளில் விட்டால் டாங்கிள் போய்விடும்.

கடற்கரையில் கூடும்போது

மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் சிலர் திருவொற்றியூர் கடற்கரையில் சேர்ந்து கேட்கிறோம். உங்கள் பகுதியில் இருவர் இருந்தாலும் இதைச் செய்யலாம். ஆளுக்கொரு ஆன்டெனா வேண்டாம். ஒன்று போதும், கைமாற்றிக் கைமாற்றிப் பிடியுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் போனைப் பார்த்துத் திசை சொல்ல, ஒருவர் எழுத. ஹெட்ஃபோனை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் புதியவர் காதில் ஒன்று. அடுத்த பாஸில் பிடிப்பவர் அவராக இருக்கட்டும், தப்பாகப் பிடித்தாலும் கையிலிருந்து வாங்காதீர்கள். காத்தாடி சீசனில் தலைக்கு மேலே நூலைப் பாருங்கள். இடி உறுமினால் ஆன்டெனாவைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்புங்கள், எவ்வளவு நல்ல பாஸானாலும்.

துறைமுகமும் படகுத்துறையும் அருகில் இருப்பதால், இருட்டில் கம்பிகளோடு நின்றால் கேள்வி வரும். வரத்தான் வேண்டும். போன முறை ரோந்துக் காவலர் ஒருவர் வந்து டார்ச் அடித்து, "இது என்ன சார்?" என்றார். உரிமத்தின் நகலையும் செயலியில் ஓடிய வரைபடத்தையும் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "இப்ப கேக்குதா?" என்றார். ஹெட்ஃபோனைக் கொடுத்தோம். நகலை எப்போதும் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் உறை போட்டு. கடற்கரை ஈரத்தில் என் முதல் நகலின் மை ஊறி, கால்சைன் இருந்த இடத்தில் நீலத் திட்டு மட்டும்தான் மிஞ்சியது.